வக்கீலின் நெற்றிமுடி

அத்தியாயம் பதினொன்று

"சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு டீச்சர் நம்ம வீட்டுக்கு வராங்க" என்று தம்பி சொல்ல, அண்ணனுக்குக் குடித்த தண்ணீர் புரையேறியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். இதோ சனிக்கிழமை.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை. இந்த வீடு மூன்று அடுக்கு. கீழே அண்ணியின் அழகு நிலையம். நடுவில் அண்ணனும் அண்ணியும். மேலே ஒற்றை அறையில் தம்பியும் வக்கீலும். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். தம்பி தெருமுனையில் கண்ணாடிக்கடை வைத்து ஊரார் கண்ணைச் சோதிக்கிறவன். வயது முப்பத்தாறு, தனிக்கட்டை. வக்கீல் என்பது நாய்.

நாய்க்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டுப் பலர் கடிதம் போட்டிருக்கிறீர்கள். தட்டில் சோறு குறைந்தாலும் சரி, வாசலில் பூனை போனாலும் சரி, அது குரைப்பதோடு நிறுத்தாது. அடித்தொண்டையிலிருந்து இழுத்து இழுத்து வாதாடும். முழங்கால் உயரப் பிராணிக்கு மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல். பிரெஞ்சுக்காரர்கள் முட்புதருக்குள் முயலைக் கிளப்புவதற்கென்று வளர்த்த ஜாதி அது. புதருக்குள் நாய் கண்ணுக்குத் தெரியாது, குரலை வைத்துத்தான் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பெத்தி பாசே க்ரிஃபோன் வான்தேயன் என்பது இனத்தின் முழுப்பெயர். அண்ணன் ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

குட்டைக் கால், நீள உடம்பு, தொங்கும் காது, பாத்திரம் தேய்க்கும் நார் மாதிரி முரட்டு முடி. புருவம், மீசை, தாடி எல்லாம் உண்டு. மூக்குக்கு வேலை வந்துவிட்டால் காது வேலை செய்யாது. ஒரு வாசனையைப் பிடித்துக்கொண்டு போனால், பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிப் பார்க்காது. பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். இந்தப் பிடிவாதத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், கணக்கு டீச்சர். எட்டு மாதத்துக்கு முன் கண்ணாடி மாற்ற வந்தவர், கடை வாசல் கம்பியில் ஒரு நாயைக் கட்டிவிட்டு உள்ளே நுழைந்தார். தம்பி அவரைச் சரியாகப் பார்க்கவேயில்லை. நாயைத்தான் பார்த்தான். வக்கீலைத் தவிர இந்த ஊரில் அதே ஜாதியில் இன்னொன்று இருப்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதன் பெயர் சிட்டு. அதற்கப்புறம் ஞாயிறுதோறும் பூங்காவில் நாலு பேரும் நடந்தார்கள், நாயையும் சேர்த்துச் சொல்கிறேன்.

போன மாதம் டீச்சரே பேச்சை எடுத்தார். சிட்டுவுக்கு வக்கீலை ஜோடி சேர்க்கலாமா? தம்பி சரி என்றான். அதைப் பேசி முடிக்கத்தான் இன்றைக்கு வருகிறார். அண்ணிக்கு நாய் ஜோடியைப் பற்றி அவ்வளவு அக்கறை கிடையாது. அவள் கண் இன்னொரு ஜோடி மேல் இருந்தது.

காலை எட்டு மணிக்குத் தம்பி கடைக்குக் கிளம்பினான். கிளம்புமுன் வழக்கம்போலச் சமையலறைக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தான். அதன் கதவில், முட்டைக்குப் பக்கத்தில், இரண்டு மாதமாக ஒரு கறுப்புக் கண்ணாடிக்கூடு இருக்கிறது. காலையிலும் மாலையிலும் அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவான், ஐந்து நிமிஷத்தில் திரும்பக் கொண்டுவந்து வைப்பான். லென்ஸ் ஒட்டுகிற பசை, சூட்டில் இருந்தால் கெட்டுப்போகும் என்று சொல்லியிருந்தான்.

"காது மட்டும் தொடைச்சு விட்டுடுங்க அண்ணி. சாயங்காலம் அவங்க மொதல்ல காதைத்தான் மோந்து பாப்பாங்க."

"முடி?"

"சீப்பு போட்டா போதும். நெத்தி முடில மட்டும் கை வைக்காதீங்க."

"வெச்சா என்ன? கண்ணே தெரியலை. போர்வைக்குள்ளேர்ந்து பாக்கற மாதிரி பாக்குது."

"இந்த ஜாதிக்கு அப்படித்தான் இருக்கணும். கண்ணு மேல முடி விழுந்தாத்தான் முள்ளு குத்தாது."

"இங்க எங்கப்பா இருக்கு முள்ளு?"

தம்பி செருப்பை மாட்டினான். இதே கேள்வியை அண்ணி இரண்டு மாதத்தில் ஏழெட்டு முறை கேட்டிருப்பாள். ஒருமுறைகூடப் பதில் வந்ததில்லை.

கீழே கடையில் முதல் ஆளாகத் தபால்காரம்மா வந்து உட்கார்ந்தார். தலைக்குச் சாயம். பூசி முடித்துவிட்டு முப்பத்தைந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நாயை முடித்துவிடலாம் என்று அண்ணி வக்கீலைத் தூக்கி முக்காலி மேல் நிறுத்தினாள்.

காது துடைப்பது வாரம் ஒருமுறை நடக்கும் வேலை. இந்த மாதிரித் தொங்கும் காதுக்குள் காற்றே போகாது. விட்டால் ஈரம் தங்கி நாற்றமடித்து, அப்புறம் புண்ணாகிவிடும். அண்ணி காது மடலைத் திருப்பி, பஞ்சில் மருந்தை நனைத்து, விரல் போகிற தூரம் மட்டும் துடைத்தாள். பஞ்சு பழுப்பாக வந்தது. இரண்டாவது பஞ்சு வெள்ளையாக வந்தது. வக்கீல் ஒரு முறைகூட முனகவில்லை.

"என்ன இது, இவ்ளோ சமத்தா நிக்குது?" என்றார் தபால்காரம்மா.

"வாசனை எதுவும் வரலை. வந்தா தெரியும் சேதி."

வாசனை வந்தது. கைமுடி எடுப்பதற்கான தேன்மெழுகு டப்பா அலமாரியின் கீழ்த்தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. அண்ணி பஞ்சைக் குப்பையில் போடத் திரும்பிய நேரம், வக்கீல் முக்காலியிலிருந்து குதித்தது. "ஏய், ஏய், ஏய்!" மூன்று முறை கத்தினாள். மூக்கு வேலையில் இருந்தது. தலை முழுசாக டப்பாவுக்குள் போய்விட்டது.

மெழுகு வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, சுடவில்லை. ஆனால் தலையை வெளியே எடுத்தபோது நெற்றிமுடி மொத்தமும் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டு மூக்குவரை தொங்கியது.

எண்ணெய் ஊற்றித் தேய்த்தால் மெழுகு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிற அண்ணிக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். எண்ணெய் பாட்டிலும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கை கத்திரிக்கோலை எடுத்தது. இரண்டு மாதமாக அரித்துக்கொண்டிருந்த கை.

மெழுகுக் கட்டி மொத்தமாக விழுந்தது.

"எடது பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கு" என்றார் தபால்காரம்மா, கண்ணாடியைப் பார்த்தபடி.

அண்ணி வலதுபக்கத்தைச் சரி செய்தாள். இப்போது வலது பக்கம் ஏறியது. இடது பக்கத்தைச் சரி செய்தாள். நெற்றி சரியானதும் தாடி துருத்திக்கொண்டு தெரிந்தது. தாடியைக் குறைத்ததும் கழுத்து ஒரு சுற்றுப் பெருத்தாற்போல இருந்தது. கழுத்துக்கு மெஷினைப் போட்டாள். மெஷின் கழுத்தோடு நிற்கவில்லை. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது வக்கீல் முதுகுவரை ஒரு நாயாகவும் அதற்குப் பின்னால் வேறு நாயாகவும் இருந்தது.

"அட, முகம் லட்சணமாத்தான் இருக்கு" என்றார் தபால்காரம்மா. பிறகு குனிந்து பார்த்தார். "ஆமா, ஒரு கண்ணு மட்டும் ஏன் இவ்ளோ கறுப்பா இருக்கு?"

அண்ணி பார்த்தாள். கண்ணாடியைச் சுற்றி எட்டு பல்பு எரியும் வெளிச்சம் அது. இடது கண்ணின் பாவை சுருங்கி, சுற்றிலும் பழுப்பு தெரிந்தது. வலது கண்ணில் பழுப்பே இல்லை. பாவை விரிந்தது விரிந்தபடி நின்றது. வெள்ளையில் லேசான சிவப்பு. அந்தக் கண்ணே ஒரு சுற்றுப் பெரிதாகவும் தெரிந்தது.

அவள் சீப்பை மெதுவாக இடது கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். வக்கீல் கண்ணை மூடித் திறந்தது. வலது பக்கம் கொண்டுபோனாள். மூடவில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோனாள். அப்போதும் இல்லை.

அண்ணி சீப்பைக் கீழே வைத்தாள்.

போன வாரம் வக்கீல் வலது பக்கம் இருந்த வாளியில் மோதித் தண்ணீரைக் கொட்டியது. அதற்கு முந்தின வாரம் கதவு திறந்திருக்க, கதவு நிலையில் இடித்துக்கொண்டது. படியிறங்கும்போது எப்போதும் வலது பக்கச் சுவரை உரசியே வந்தது. ஒவ்வொரு முறையும் வீட்டில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான். பிடிவாதம் பிடிச்ச ஜாதி, பாத்து நடக்கறதே கிடையாது. அண்ணி ஒருமுறை முதுகில் ஒரு தட்டும் தட்டியிருந்தாள். அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது.

தபால்காரம்மாவின் தலையை அலசி அனுப்பிவிட்டு, கதவில் 'மூடியிருக்கிறது' அட்டையைத் திருப்பிப் போட்டாள். மாடிக்குப் போனவள் மதியச் சமையலுக்குக் காய் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கண்ணாடிக்கூடு கண்ணில் பட்டது.

லென்ஸ் ஒட்டுகிற பசை. காலையும் மாலையும். மாடியில், நாய் இருக்கிற அறையில்.

கூட்டைத் திறந்தாள். உள்ளே கட்டைவிரல் உயரத்தில் ஒரு சொட்டு மருந்துப் புட்டி. மேலே ஒட்டியிருந்த சீட்டில் வக்கீலின் பெயர். வலது கண், காலை மாலை ஒரு சொட்டு. தேதி, இரண்டு மாதத்துக்கு முந்தையது. அடியில் நாலாக மடித்த கால்நடை டாக்டரின் கடிதம். மூன்று வரிதான் இருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது. பரம்பரை வியாதி. இந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது.

அண்ணி அதை இரண்டாவது முறை படித்தாள். பிறகு கடிதத்தை அதே மடிப்பில் மடித்து, கூட்டை மூடி, முட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஒரு மணிக்கு அண்ணன் சாப்பிட வந்தான். வாசலில் வக்கீலைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றான்.

"இது யாரு வீட்டு நாய்?"

"நம்ம வீட்டுதுதான். ஒக்காருங்க, சொல்றேன்."

சொன்னாள். அண்ணன் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டான். கடிதம் வரை வந்ததும் பிசைவது நின்றது.

"முடி வளர எவ்ளோ நாளாகும்?" என்று கேட்டான்.

"ரெண்டு மாசமாவது ஆகும். ஏன்?"

"இன்னிக்கு நாய்க்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடலாம். மாடில போட்டு கதவை சாத்திடு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நாய்க்கண்ணு. நாமளா அதை உண்டாக்கினோம்? முப்பத்தாறு வயசுல இப்பத்தான் அவன் வீட்டுக்கு ஒருத்தங்க கால் எடுத்து வைக்கறாங்க. நீயே கெடுத்துடாத."

அண்ணி குழம்பு ஊற்றினாள். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த நாளுக்காக அவள் ஜன்னல் திரையைக்கூட மாற்றியிருந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "கம்பி தேஞ்சிருக்குன்னு தெரிஞ்ச லிஃப்ட்ல ஆள் ஏத்துவீங்களா?"

"அது வேற."

"எப்படி வேற?"

அண்ணன் கடைசிக் கவளத்தை விழுங்கினான். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்க் கை கழுவினான். கை கழுவ ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான்.

தம்பி மூன்று மணிக்கு வந்தான். படியில் அவன் காலடி கேட்டதும் வக்கீல் வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு ஓடியது. அடுத்த நிமிஷம் படியிலிருந்து சத்தம் கேட்டது.

"அண்ணி! என்ன இது? என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"மெழுகு டப்பாவுல தலைய விட்டுடுச்சு."

"எண்ணெய் போட்டா போயிருக்குமே! மெஷின் போட்டிருக்கீங்க! இந்த முடிக்கு மெஷினே ஆகாது அண்ணி. பழுத்த முடியை வெரலாலதான் ஒண்ணொண்ணா புடுங்கணும். மாசாமாசம் மொட்டை மாடில ஒக்காந்து நான் என்ன பண்றேன்னு நெனச்சீங்க? மெஷின் போட்டா அடுத்து வர்றது பஞ்சு மாதிரி வரும். அழுக்கு ஏறும், தண்ணி ஏறும். நாலு வருஷம் வளத்த முடி!"

அண்ணி கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். அவன் மூச்சு வாங்க நிறுத்தினான்.

"முடி மறுபடியும் வளரும் தம்பி. கண்ணு?"

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டான். வக்கீல் அவன் முழங்காலில் தாடி இல்லாத தாடையை வைத்துக்கொண்டது.

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"நாந்தான் மொதல்ல கண்டுபிடிச்சேன். டார்ச் அடிச்சேன், பாவை அசையலை. மனுஷங்களுக்கு வர்ற அதே வியாதிதான், கண்ணுக்குள்ள தண்ணி அழுத்தம். வலது கண்ணு அனேகமா போயிடுச்சு. இடதும் போகும். மருந்து கொஞ்ச நாளைக்கு தள்ளிப்போடும், அவ்ளோதான்."

"அத எங்ககிட்ட சொல்றதுக்கு என்ன? அதை அடிச்சிருக்கேன் நான், பாத்து நடக்கலைன்னு."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"குட்டிங்களுக்கு வருமா?" என்றாள் அண்ணி.

"அப்பா, அம்மா ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வந்தாத்தான் வியாதி. சிட்டு கிட்ட இல்லன்னா குட்டிங்க கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது."

"சிட்டு கிட்ட இருக்கா இல்லையா?"

"தெரியாது. ரத்தம் எடுத்து சோதிக்கணும்."

"சோதிக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"ஏன்னு கேப்பாங்களே அண்ணி."

அண்ணி எதிர்ப்படியில் உட்கார்ந்தாள். கோபமாகப் பேச வேண்டும் என்றுதான் மதியம் முழுக்க யோசித்து வைத்திருந்தாள். இப்போது குரல் வேறு மாதிரி வந்தது.

"கண்ணு பாக்கறவன் நீ. ஒன் கிட்டயா இந்தப் புத்தி?"

"பொறந்த ஒடனே தெரியாது. மூணு, நாலு வயசு ஆகணும். அதுக்குள்ள..."

"அதுக்குள்ள?"

"அதுக்குள்ள அவங்க இங்க வந்துடுவாங்கன்னு நெனச்சேன்." அவன் வக்கீலின் காதைத் தடவிக்கொண்டே சொன்னான். "எட்டு மாசமா நாங்க பேசறது எல்லாம் நாய்தான் அண்ணி. காதுக்கு என்ன மருந்து, நகம் எப்ப வெட்டணும், கயிறை எங்க அவுக்கலாம். வேற ஒரு பேச்சு பேசினது கெடையாது. பேச வரலை எனக்கு. நாய் இல்லன்னா எனக்கு அவங்ககிட்ட சொல்றதுக்கு ஒரு வார்த்தை கெடையாது."

பாவமாக இருந்தது அண்ணிக்கு. அதற்காக அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

"அஞ்சு மணிக்கு நீயே சொல்லிடு. முடிக்கு வேணா நான் பொறுப்பு. கண்ணுக்கு நீதான்."

டீச்சர் ஐந்து மணிக்கு வந்தார். ஐந்துக்கு ஒரு நிமிஷம் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. இந்த வீட்டில் எல்லாரையும் அவன், அவள் என்று எழுதிவிட்டு டீச்சரை மட்டும் மரியாதையாக எழுதுகிறேனே என்று பார்க்காதீர்கள். வீட்டு ஆட்களே இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஒல்லியான உருவம், தடித்த கண்ணாடி, கையில் சிட்டுவின் கயிறு. கதவைத் திறந்ததும் இரண்டு நாய்களும் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி மோந்தன. பிறகு இரண்டும் ஒரே நேரத்தில் வாதாடத் தொடங்கின. எதிர்வீட்டு ஜன்னல் மூடியது.

டீச்சர் வக்கீலைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இது என்ன ஆச்சு?"

"என் வேலைதாங்க. மெழுகு ஒட்டிக்கிச்சு. தொழில் புத்தி, நிறுத்த முடியலை" என்றாள் அண்ணி.

"பரவால்லைங்க. இப்பத்தான் இவன் மூஞ்சியையே மொத தடவையா பாக்கறேன்."

அண்ணன் காபி கொண்டுவந்து வைத்தான். அவனாகக் காபி போட்டு அண்ணி பார்த்தது கல்யாணமான புதிதில். எல்லாரும் உட்கார்ந்தார்கள். அண்ணன் லிஃப்டைப் பற்றிப் பேசினான். டீச்சர் தன் பள்ளிக்கூடத்தின் மூன்றாவது மாடியைப் பற்றிப் பேசினார். அண்ணி தம்பியைப் பார்த்தாள். அவன் காபியைப் பார்த்தான்.

"எங்க அம்மா ஒரு குட்டி அவங்களுக்குத்தான்னு இப்பவே சொல்லிட்டாங்க" என்றார் டீச்சர். "என் கிளாஸ் பசங்க பேரே வெச்சாச்சு. ஆறு குட்டின்னு அவங்களா ஒரு கணக்கு. நான் எத்தனை வரும்னே சொல்லலை, ஆறு பேர் ரெடி."

அண்ணன் சிரித்தான். தம்பியும் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. மணி ஐந்தரை.

அவன் எழுந்தான். சமையலறைக்குப் போனான். ஃப்ரிட்ஜ் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்கூட்டோடு வந்து, டீச்சருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, வக்கீலை மடியில் இழுத்துக்கொண்டான். மாடிக்குப் போகவில்லை. கூட்டைத் திறந்து புட்டியை எடுத்தான். இடது கையால் தாடையை நிமிர்த்தி, கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்து, வலது கண்ணில் ஒரு சொட்டு விட்டான். வக்கீல் கண்ணைச் சிமிட்டியது. ஒரு துளி கன்னத்தில் வழிந்தது. அதைத் தன் சட்டைக் கையால் துடைத்தான்.

டீச்சர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். வக்கீலின் வலது பக்கம் கையை நீட்டினார். அது திரும்பவில்லை. கை மூக்கருகில் போனதும்தான் திரும்பியது.

தம்பி கடிதத்தை எடுத்து நீட்டினான். அவர் படித்தார். மூன்று வரிக்கு அத்தனை நேரம் யாருக்கும் ஆகாது.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம்."

"நான் கேட்டது போன மாசம்."

"ஆமா."

அவர் கணக்கு டீச்சர். அதற்கு மேல் அந்தக் கழித்தலை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அண்ணன் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டான்.

"இன்னிக்குச் சொல்லிடணும்னு..." என்று தம்பி ஆரம்பித்தான்.

"முடி வெட்டாம இருந்திருந்தா?"

தம்பி வாயைத் திறந்தான். பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம் அது.

"சொல்லியிருக்க மாட்டேன்" என்றான்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். துடைப்பதற்காக அல்ல. அப்படியே கையில் வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி அவனைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு அவன் முகம் தெரிந்திருக்காது. அந்தப் பவரை எழுதிக்கொடுத்தவனே அவன்தான், போன வாரம் புதுக் கண்ணாடிக்கு ஆர்டர் எடுத்தவனும் அவன்தான்.

"என் கண்ணையும் நீங்கதான் பாக்கறீங்க" என்றார். குரல் உயரவில்லை. "அதுல ஏதாவது தெரிஞ்சிருந்தா? எனக்குச் சொல்லியிருப்பீங்களா?"

தம்பி புட்டியைத் திரும்பக் கூட்டுக்குள் வைத்தான். சொல்லியிருப்பேன் என்பதுதான் உண்மை. ஆனால் அந்த உண்மையை இப்போது எந்த வாயால் சொல்வது?

டீச்சர் எழுந்தார். கடிதத்திலிருந்த டாக்டரின் முகவரியைத் தன் கைப்பையிலிருந்த நோட்டில் எழுதிக்கொண்டார். "சிட்டுக்கு ரத்தம் பாக்கணும். நானே கூட்டிட்டுப் போறேன். நீங்க வர வேண்டாம்." சிட்டுவின் கயிற்றைப் பிடித்தார். சிட்டு வர மறுத்து நாலு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டது. தூக்கிக்கொண்டார்.

வாசல்வரை போனவர் அண்ணியிடம் திரும்பினார். "மெழுகு ஒட்டினா எண்ணெய் போட்டா போயிடும்தானே? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"தெரியும்" என்றாள் அண்ணி.

டீச்சர் தலையசைத்தார். அதில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு தம்பியைப் பார்க்காமல், கதவைப் பார்த்துக் கேட்டார்.

"என் புதுக் கண்ணாடி செவ்வாய்க்கிழமைதானே?"

"செவ்வாய்க்கிழமை. காலைலயே ரெடியா இருக்கும்."

"சரி."

படியிறங்கிப் போனார். வந்து வாங்கிக்கொள்வாரா, பள்ளிக்கூடத்திலிருந்து யாரையாவது அனுப்புவாரா, சொல்லவில்லை. வக்கீல் வாசற்படியில் நின்று, அவர்கள் போன தடத்தை மூக்கால் அளந்துவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு நீண்ட குரல் கொடுத்தது. பதிலுக்குத் தெருமுனையிலிருந்து சிட்டுவின் குரல் ஒருமுறை வந்தது. அப்புறம் வரவில்லை.

அண்ணி கீழே போய்க் கடையைப் பெருக்கினாள். காலையில் பெருக்காமல் விட்ட முடி முக்காலியைச் சுற்றி அப்படியே கிடந்தது. கறுப்பு, வெள்ளை, பழுப்பு, நடுவில் தேன்மெழுகு ஒட்டிய கட்டி. தம்பி வந்து முறத்தைப் பிடித்தான். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று அண்ணிக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. காலையில் எண்ணெய் பாட்டிலை எடுத்திருந்தால் இந்நேரம் மேலே சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

வக்கீல் உள்ளே வந்தது. வலது பக்கம் முக்காலி இருந்தது. அண்ணி சட்டென்று அதை நகர்த்தினாள்.

"அண்ணி" என்றான் தம்பி, குனிந்தபடியே.

"என்ன?"

"நெத்தி முடி மறுபடியும் வளரும்ல?"

"வளரும்."

"வளந்தா வெட்டிடுங்க." முறத்தைக் குப்பையில் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தான். "ஆனா மெஷின் வேணாம். கத்திரிக்கோல் போதும்."